மெசின் என்று சொல்லாத வீடு

எங்கள் வீட்டில் 'மெசின்' என்ற சொல்லுக்கு அனுமதி இல்லை. யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. உடுப்புத் தோய்க்கும் மெசினுக்கு வோஷர் என்று பெயர். அம்மாவின் தையல் மெசின் வெறும் தையல். "தையலைத் தூக்கி மேசையில வையுங்கோ" என்று அம்மா சொன்னால் அப்பா தூக்கி வைப்பார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், பள்ளிக்கூடத்தில் புதிதாக வைத்த குளிர்பான மெசினைப் பற்றி நான் ஆசையாகச் சொல்லத் தொடங்க, அப்பா பிசைந்துகொண்டிருந்த சோற்றில் கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அம்மா தண்ணீர் எடுக்கிற சாட்டில் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். மிச்சக் கதையை நான் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

சிட்னியில் எங்கள் ஆட்கள் மெசின் என்று மட்டும் சொன்னால் அது ஒன்றைத்தான் குறிக்கும். ஊருக்கு ஊர் ஒரு கிளப் இருக்கும். கிளப்புக்குள் சூதாட்ட மெசின்கள் வரிசையாக நிற்கும். காசைப் போட்டுப் பொத்தானை அமத்தினால் படங்கள் சுற்றி நிற்கும், பிறகு இன்னும் கொஞ்சக் காசு கேட்கும். 'மெசினுக்குப் போறவர்' என்று ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கேட்டவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு அந்த வீட்டுக் கலியாணப் பேச்சை நிறுத்திவிடுவார்.

நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. கிறிஸ்மஸ் தாத்தாவின் கையெழுத்தும் அப்பாவின் கையெழுத்தும் ஒன்று என்று ஆறு வயதில் கண்டுபிடித்து, மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லி, மூன்று வீடுகளில் அழுகையை உண்டாக்கியவள். ஆகவே எங்கள் வீட்டில் ஏதோ மறைக்கப்படுகிறது என்று மோப்பம் பிடிக்க எனக்கு அதிக காலம் எடுக்கவில்லை.

முதலில் எங்களுக்குத் துங்காபியில் சொந்த வீடு இருந்தது. பின்வளவில் ஒரு தேசிமரம், எலுமிச்சைதான், நின்றது. எனக்கு ஏழு வயதானபோது அந்த வீடு போய், பெண்டில் ஹில்லில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். ஏன் என்று கேட்டால், "அது தூரம் பிள்ளை" என்றார் அப்பா. எதற்குத் தூரம் என்று அவர் சொல்லவில்லை. தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும் நேரம், ஓர் அன்ரி இன்னோர் அன்ரியின் காதுக்குள் சொன்னதை, பிஸ்கட் எடுக்கிற மாதிரிப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அவை மெசினுக்குப் போறவையாம். அந்த வீடும் அதிலதான் போனது."

அவர்கள் என்பதைத்தான் எங்கள் பேச்சில் அவை என்போம். ஒரு முழு வீடு எப்படி ஒரு மெசினுக்குள் போகும் என்று அந்த வயதில் எனக்குப் பிடிபடவில்லை. வோஷரின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்ததும் உண்டு. பத்து வயதானபோது எல்லாம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன். வீட்டில் பெரியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் நாள் தவறாமல் செபமாலை சொல்லும் அம்மா. கழித்தால் மிஞ்சுவது அப்பா. கணக்கில் நான் கெட்டிக்காரி.

சாட்சியங்களும் கைவசம் இருந்தன. துங்காபி நாட்களில் ஒரு கிளப்பின் கார்ப் பார்க்கில், காரின் பின்சீற்றில் போர்வையோடு நான் இருந்த ஞாபகம் ஒன்று உண்டு. அப்பா "இருங்கோ, இப்ப வாறன்" என்று சொல்லிக் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே போனார். நெடுநேரம் கழித்து அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வெளியே வந்தார்கள். அம்மா அழுதுகொண்டு வந்தார். அப்பாவைத் தேடிப் போய் அம்மா இழுத்து வந்திருக்கிறார் என்று நான் அந்தக் காட்சிக்கு ஒரு கதை வைத்திருந்தேன். இன்னொன்று, அம்மாவின் கையில் ஒரு டொலர்கூட இருக்காது. அம்மா முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்து உழைத்தார், ஆனால் வங்கி அட்டை அப்பாவின் பொக்கற்றில் இருந்தது. பால் வாங்கவும் அப்பாதான் கூடப் போனார். பாவம் அம்மா, உழைக்கிற காசையெல்லாம் இந்த மனிசன் பறித்துக்கொண்டு போகிறாரே என்று எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

இப்படி ஒரு வீட்டுக்குத்தான் அப்பா அந்தச் சாமானைக் கொண்டுவந்தார்.

அப்பா வீட்டுத் தளபாடங்கள் ஏற்றி இறக்கும் கொம்பனி ஒன்றில் லொறி ஓட்டினார். கிரான்வில்லில் யாரோ ஒரு வெள்ளைக்கார முதியவர் இறந்துபோக, பிள்ளைகள் வீட்டை ஒதுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கராஜின் மூலையில் பழைய கம்பளத்தின் கீழே இது கிடந்ததாம். குப்பைக்குக் கொண்டுபோகச் சொன்னதை அப்பா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு சனிக்கிழமை காலை, கூட வேலை செய்கிறவரும் அவருமாகத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்து கராஜுக்குள் வைத்தார்கள். நாலு இரும்புக் கால், அதன்மேல் கண்ணாடி மூடிய நீளமான சரிவுப் பலகை, அதன் தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பெட்டி. பெட்டியின் முகத்தில் கடற்கரையும் தொப்பி போட்ட பெண்களும் வரைந்திருந்தது. நடுவில் கட்டம் கட்டமாக இலக்கங்கள்.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்தார்.

"என்னப்பா இது?"

"பிங்கோ," என்றார் அப்பா. "கோயில்ல விளையாடுறமே, அதுதான். பந்து போட்டு விளையாடுற பிங்கோ. பழசு."

"இது மெசின்," என்றார் அம்மா.

அந்த வீட்டில் அந்தச் சொல்லை அம்மா சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா குந்தியிருந்து, முன்பக்கத்தில் காசு போடும் துளையைக் காட்டினார். "இதை அடைச்சுப்போடுவன். இது காசு கேக்காது. காசு தரவும் மாட்டாது. சும்மா விளையாட்டுச் சாமான்." அம்மா உள்ளே போனார். அன்று மத்தியானம் கறியில் உப்பில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அன்றிலிருந்து கராஜில் அப்பாவுக்குக் காவலிருப்பது என் கடமையாயிற்று. வீட்டுப்பாடம் செய்கிறேன் என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன். கண் கொப்பியில் இருக்காது. அப்பா அது அறியாதவர்போல், வேலையால் வந்து முகம் கழுவிக்கொண்டு பெட்டியின் முதுகுப் பலகையைக் கழற்றுவார். உள்ளே சீலை சுற்றிய வயர்கள் கட்டுக்கட்டாக ஓடின. மின்சாரம் வந்தால் டிக்கென்று ஒட்டி, போனால் விட்டுவிடும் சின்ன இரும்பு நாக்குகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. கம்பியூட்டர் வராத காலத்துச் சாமான். அந்த நாக்குகள்தான் அதன் மூளை என்று அப்பா சொன்னார். எந்த நாக்கில் அழுக்குப் பிடித்தாலும் அது கணக்கை மறந்துவிடுமாம்.

அழுக்குத்தான் அங்கே நிறைய இருந்தது. பல வருடத்துக் கிரீஸ் இறுகிப் பிசின்போல ஆகிப் பல்லுச் சக்கரங்களைப் பிடித்துவைத்திருந்தது. ஸ்பிரிட்டில் துணியை நனைத்து அதைத் துடைத்தெடுக்கவே குளிர்காலத்தில் பாதி போய்விட்டது. நாக்குகளின் நுனியை ராவுவதற்கு அம்மாவின் நகம் ராவும் அரத்தை அப்பா எடுத்துக்கொண்டு வந்தார். ஊரில் ரேடியோ திருத்தின கை, ஆனால் இதில் நன்றாகத் திணறியது. ஒன்றைச் சரிப்படுத்தினால் மற்றொன்று கெடும். ஒருநாள் சுவிட்சைப் போட்டதும் வீடு முழுக்க லைற் போய்விட்டது. இருட்டில் நாங்கள் மூவரும் மூன்று இடத்தில் நின்றோம்.

குளிர் விட்டு, செப்டெம்பர் பக்கம் அது உயிர் பெற்றது. மோட்டர் உறுமியது, உள்ளே இருந்த தட்டுகள் சுற்றி நின்றன, கடற்கரைப் பெண்களின் பின்னால் மஞ்சள் வெளிச்சம் வந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதைக் காட்டிவிடக்கூடாது என்று கணக்குக் கொப்பியைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"வாங்கோ பிள்ளை, ஒண்டு அடிச்சுப் பாருங்கோ."

"வேண்டாம்," என்றேன். பிறகு போனேன்.

ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால் இரும்புப் பந்து மேலே ஓடிச் சரிவில் இறங்கும். வழியெல்லாம் ஆணிகளும் றப்பர் வளையங்களும். கீழே இலக்கம் போட்ட இருபத்தைந்து குழிகள். ஓர் ஆட்டத்துக்கு ஐந்து பந்து. பந்து எந்தக் குழியில் விழுகிறதோ மேலே பெட்டியில் அந்த இலக்கத்துக்கு வெளிச்சம் வரும். மூன்று இலக்கம் ஒரே வரிசையில் வந்தால் வெற்றி. பரிசு என்ன தெரியுமா, இன்னும் சில ஆட்டங்கள். டக் டக் டக்கென்று பெட்டியின் மூலையில் ஓர் எண் கூடும், அத்தனை தரம் சும்மா விளையாடலாம். பந்தைத் திருப்பி அடிக்க ஒன்றும் கிடையாது. இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து மெல்லத் தட்டிப் பந்தின் மனதை மாற்றப் பார்க்கலாம். கொஞ்சம் பலமாகத் தட்டினால் அதற்குக் கோபம் வந்து எல்லா வெளிச்சமும் அணைந்து ஆட்டம் முடிந்துவிடும்.

அப்பாவுக்கு அந்தத் தட்டு கைவரவே இல்லை. தளபாடம் தூக்கும் கைகள், தொட்டாலே மெசின் கோபித்தது. ஒருநாள் அவர் பந்தை விட்டுத் தட்டித் தோற்று நிற்க, வாசலில் உடுப்புக் கூடையோடு அம்மா நின்றிருந்தார். "இடக்கையால தட்டியிருக்கோணும்," என்று சொல்லிவிட்டு வோஷர் பக்கம் போனார். கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் வோஷர் இருந்தது, அதனால் அம்மா அந்த வழியால் போய்வருவது வழக்கம். அப்பா போகிற அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் இவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று நான் அப்பாவைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அப்பாவின் நடத்தை என் சந்தேகத்தை முற்றவைத்தது. வேலையால் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே கராஜுக்குப் போவார். விளையாடமாட்டார். பெட்டியின் மூலையில் உள்ள எண்ணை ஒரு தடவை பார்ப்பார், அவ்வளவுதான். பார்த்துவிட்டு வந்து, அம்மாவிடம் மிக அன்பாகத் தேத்தண்ணி கேட்பார். சூதாடிக்கு அந்த எண்ணைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று எனக்குள் முடிவு கட்டினேன். கரண்ட்டை நிறுத்தினாலும் அந்த எண் அழியாது, சக்கரம் நின்ற இடத்தில் நிற்கும். ஆகவே நானும் பார்க்கத் தொடங்கினேன். இரவில் நாங்கள் விட்டுப்போன எண் ஒன்றாக இருந்தது. மறுநாள் நான் பள்ளியால் வரும்போது அது வேறாக இருந்தது. பெரும்பாலும் கூடியிருந்தது. சில நாளில் நன்றாகவே கூடியிருந்தது.

பகலில் யாரோ விளையாடுகிறார்கள்.

யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா லொறியை எங்கோ நிறுத்திவிட்டு வேலை நேரத்தில் வீட்டுக்கு வருகிறார். வருகிறவர் விளையாடுகிறார். இப்போது சும்மா விளையாட்டு, நாளைக்கு இது போதாமல் கிளப். வேலை போகும். வேலை போனால் இந்த வீடும் போகும். துங்காபியில் தேசிமரத்தை விட்டு வந்தது சரி, இங்கே பக்கத்து வீட்டில் என் சிநேகிதி இருந்தாள், பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகலாம், எனக்கென்று ஓர் அறை இருந்தது. இதையும் விட்டுவிட்டு இனி எங்கே போவது? இரண்டு இரவு தலையணைக்குள் அழுதேன். மூன்றாம் நாள், கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தேன்.

அடுத்த நாள் காலை எனக்கு வயிற்றுக்குத்து. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, நம்பாமலே நம்பினார். அன்று அம்மாவுக்கு வேலை பின்னேரம்தான். கோப்பி போட்டுத் தந்துவிட்டு, "படுங்கோ, அம்மா உடுப்புத் தோய்க்கப்போறன்" என்றார். போர்வையை இழுத்துக்கொண்டு காதைத் தீட்டிக் கிடந்தேன். வோஷர் ஓடத் தொடங்கியது. அதன் இரைச்சலுக்குள், மெல்ல, டக் டக் டக்.

அப்பா வந்துவிட்டார். அம்மாவுக்குத் தெரியாமல், அம்மா தோய்த்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டாரே என்ற ஆத்திரத்தோடு வெறுங்காலில் போய்க் கதவிடுக்கால் பார்த்தேன்.

அம்மா நின்றார்.

இரண்டு உள்ளங்கையும் பலகையின் விளிம்பில் இருந்தன. பந்து ஆணிகளுக்குள் இறங்கும்போது இடக்கை ஒருமுறை அசைந்தது, இடுப்பு கொஞ்சம் சாய்ந்தது, அவ்வளவுதான். பந்து தான் போகவிருந்த குழியை விட்டுவிட்டு அடுத்த குழியில் போய் இருந்தது. மெசின் கோபிக்கவில்லை. அப்பா மாதக்கணக்கில் திணறிய வேலையை அம்மா கீரை ஆய்கிற மாதிரிச் செய்தார். ஆனால் என்னைப் பயப்படுத்தியது அம்மாவின் முகம். சிரிப்பும் இல்லை, கவலையும் இல்லை. செபமாலை சொல்லும்போதுகூட அம்மாவின் முகம் அப்படி வெறுமையாக நான் கண்டதில்லை. "அம்மா" என்றேன். கேட்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன்.

அம்மா திரும்பினார். முகத்துக்குள் அம்மா வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எழும்பிற்றீங்களோ," என்றார். "இந்த ஒண்டு மட்டும் பிள்ளை. முடிச்சிட்டு வாறன்."

முடித்தார். அதற்குப் பிறகும் ஒன்று ஆடினார். பிறகு சுவிட்சை நிறுத்தி, ஏப்ரனில் கையைத் துடைத்து, வோஷரிலிருந்து உடுப்பை எடுத்துக் கூடையில் போட்டார்.  மத்தியானம் எனக்குக் கஞ்சி காய்ச்சித் தந்து, தலையைத் தடவி, வேலைக்குப் போனார்.

எனக்கு இப்போது எல்லாம் இன்னும் தெளிவாக விளங்கியது. அப்பாவின் வியாதி அம்மாவுக்கும் தொற்றிவிட்டது. செபமாலையும் தானுமாக இருந்த ஒரு மனிசியை, வீட்டுக்குள்ளேயே மெசினைக் கொண்டுவந்து வைத்துக் கெடுத்துவிட்டார்.

அன்று அப்பா வந்து வழக்கம்போல எண்ணைப் பார்க்கக் கராஜுக்குப் போனபோது, நான் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"அம்மா விளையாடுறா," என்றேன். "நீங்கள் இல்லாத நேரம். உங்களாலதான்."

அப்பா அதிரவில்லை. அதுவே எனக்குப் பெரிய குற்றமாகத் தெரிந்தது. என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டார்.

"வேலைக்கு முதல் வேறெங்கயும் வெளிய போனவவோ?"

"இல்லை. வீட்டிலதான் நிண்டவ."

"ஒரு இடமும் போகேல்லையோ?"

"இல்லை எண்டுதானே சொல்லுறன்."

அப்பா கராஜின் சீமெந்துத் தரையில் அப்படியே உட்கார்ந்தார். சப்பாத்தும் வேலை உடுப்புமாக, முதுகை மெசினின் காலில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டார். களைப்பு என்று நினைத்தேன். குற்றவாளி களைக்கத்தானே வேண்டும்.

பிறகு பல வருடம் கழித்து நான் மெல்பேர்னுக்கு, கிளேட்டனில் படிக்கப் போனேன். கிரெய்கிபர்னில் அம்மாவின் அண்ணன், என் மாமா, இருந்தார். ஒரு வார இறுதியில் அவர் வீட்டுக் குசினியில், அப்பாவைப் பற்றி நான் பழைய கோபத்தில் ஏதோ சொல்ல, அவர் வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "கொப்பர் ஒரு நாளும் அதுக்க ஒரு சதம் போடேல்லைப் பிள்ளை. போட்டது கொம்மா. உனக்கு இவ்வளவு நாளும் தெரியாதோ?" காசு போட்டது அப்பா இல்லை, அம்மா என்று எனக்குத் தெரியாது. எங்கள் பேச்சில் 'அவை' என்றால் மரியாதைக்காக ஒருவரையும் சொல்லலாம், ஒரு குடும்பத்தையும் சொல்லலாம். ஆணா பெண்ணா என்று அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது. அன்ரிமார் அவை என்றார்கள், கேட்டவர்கள் அப்பா என்று எடுத்துக்கொண்டார்கள், நானும் எடுத்துக்கொண்டேன். மெசினுக்குப் போனவர் தான் இல்லை என்று அப்பா ஒருவருக்கும் திருத்திச் சொல்லவில்லை. கிளப்புக்கு அவர் போனது உண்மை, அம்மாவைக் கூட்டிவரப் போனார். அப்படிப்பட்ட அம்மாவுக்கு வீட்டுக்குள் ஒரு மெசினைக் கொண்டுவந்து வைத்தது புத்தியா பைத்தியமா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மாமாவுக்கும் தெரியவில்லை. அது வந்த பிறகு அம்மா கிளப்புக்குப் போகவில்லை என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு இதொன்றும் தெரியாத நான், தரையில் இருந்த அப்பாவின் முன்னால், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் இனி அகப்படமாட்டார் என்று பட்டது.

"நீங்கள் இனிமேல் கிளப்புக்குப் போகக்கூடாது," என்றேன். "எனக்கு எல்லாம் தெரியும்."

அப்பா கண்ணிலிருந்து கையை எடுத்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். குசினிக் கதவுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அம்மா வேலையால் வர இன்னும் நேரம் இருந்தது.

"ஓம் பிள்ளை," என்றார். "இனி அப்பா போகமாட்டன்."

"மாதாவாணை?"

"மாதாவாணை."

நான் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்து, அவரை மன்னித்தேன்.